கணவாய் நாறும் உறை

அம்மாவுக்கு சிசுருவின் வணக்கம்.

மலையில் பனி உருகிவிட்டதா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நானும் ரிக்குவும் நலம். ரிக்குவின் அப்பா சப்போரோவிலிருந்து வர ஆகஸ்ட் ஆகும்.

அடுத்த வார ஞாயிறு ரிக்குவுக்குக் கடலைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். கட்சுவூரா வரை ரயில், அங்கிருந்து கரையோரமாக சைக்கிள். சைக்கிளை ரயிலில் ஏற்றச் சக்கரங்களைக் கழற்றி, துளியும் வெளியே தெரியாமல் உறைக்குள் கட்ட வேண்டுமே, அதற்குப் பழைய சாமான் சந்தையில் ஓர் உறை வாங்கினேன். விற்றவர் அதில் எதைத் தூக்கினாரோ, அழுகிய கணவாய் மீன் நாற்றம். மூன்று முறை துவைத்தும் தொட்டாலே குமட்டுகிறது.

நேற்று இரண்டு நிலையம் ஒத்திகை போனோம். பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்கள்.

"அம்மா, நம்ம மூட்டை நாறுதுன்னுதான் எல்லாரும் போறாங்களா?"

"சும்மா இருடா."

"நெஜமாத்தான் நாறுது."

இறங்கி, நிலைய வாசலில் சக்கரம் மாட்டும்போது அவன் சங்கிலியின் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டு விரலை நக்கிவிட்டான். துடைக்கிறேன் என்று பிசுக்கு அப்பிய என் கையாலேயே அவன் வாயைத் துடைத்தேன். என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. திரும்பித் திருகாணியை முடுக்குவதற்குள் அவன் சாலைக்கு இறங்கிவிட்டான். காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாள் பிடித்து நிறுத்தினார்.

"புள்ளைய விட்டுட்டு சக்கரத்தப் புடிச்சிட்டு இருக்கியேம்மா."

வண்டி எதுவும் வரவில்லை, பயப்படாதீர்கள்.

நம் அப்பாவின் பழைய சைக்கிள் உறை கொட்டகையில் இருக்குமே, அது வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம்; முந்தின நாள் சனிக்கிழமை நீங்களே எடுத்து வாருங்கள். சக்கரம் மாட்ட எனக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

ரிக்கு கூப்பிடுகிறான், நிறுத்துகிறேன்.

சிசுரு