ஒன்பதாம் அத்தியாயம் கூடாது

கரோல் பாக், புது டெல்லி
3-8-1979

மதிப்புக்குரிய தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

நலம். உங்கள் தாலி இன்னும் என் கழுத்தில் கிடந்தாலும் இது தொழில் கடிதம், குடும்பக் கடிதம் அல்ல.

சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நானும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். கூடையைத் தலையில் வைத்து அப்பளம் விற்ற நாளிலிருந்து, சொந்தமாக அப்பளக் கொட்டகை போட்டது வரை. பதிவுத் தபாலில் வருகிறது. மற்றவர்களிடம் வாங்கும் கட்டணமே என்னிடமும்.

உங்களிடம் எதற்கு என்பீர்கள். புதுச் சரக்கை நான் சிநேகிதக் கடைக்கு முதலில் கொண்டுபோக மாட்டேன். "க்யா பஹன்ஜி, இதுவும் ஒரு பாப்படா?" என்று மூஞ்சியைச் சுளிக்கிற கடைக்கார லாலாவிடம்தான் மூட்டையைப் பிரிப்பேன். அவன் வாயில் வராத குறை சரக்கில் இல்லை. எட்டு வருஷமாக என்னோடு பேசாதவர் நீங்கள். தாட்சண்யம் பார்க்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
சுந்தரவல்லி

சென்னை
29-8-1979

சௌபாக்கியவதி சுந்தரவல்லிக்கு ஆசீர்வாதம்.

இரண்டு தடவை வாசித்தேன். முதல் மூன்று அத்தியாயங்கள் நீளம். இந்தி வார்த்தைகள் அதிகம். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். ஆனால் புத்தகம் தேறும். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பதிப்பாளரிடம் நானே சிபாரிசு செய்கிறேன்.

ஒரே நிபந்தனை. ஒன்பதாம் அத்தியாயம் கூடாது.

நாம் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நீ எழுதிய முதல் கதையை நான் நண்பர்களுக்கு உரக்க வாசித்துச் சிரித்ததாகவும், அந்தத் தாள்களிலேயே வடை வைத்துக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய். இது மிகை. அன்று வடையே கிடையாது, வாழைக்காய் பஜ்ஜி. நீ எழுதியதுபோல் வந்தது ஐந்து பேர் இல்லை, கல்யாணராமனும் சேஷுவும் மட்டும்தான். "அப்பளக்காரிக்கு எதுக்குப் பேனா?" என்று கேட்டது சேஷு. நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

இங்கே என்னைத் தெரிந்தவர்கள் படிப்பார்கள். யோசித்துச் செய்.

தனிச் சமையலில் வயிறு கெட்டுக் கிடக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

உன்,
தட்சிணாமூர்த்தி

கரோல் பாக், புது டெல்லி
9-9-1979

மதிப்புக்குரிய தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

மதிப்பீடு கிடைத்தது. ஒற்றுப்பிழைகளுக்கு நன்றி. நீளம் என்றதும் நியாயம், குறைத்துவிட்டேன். இந்தியை எடுக்க மாட்டேன். லாலா என்னிடம் செந்தமிழில் பேரம் பேசவில்லை.

மற்ற அத்தியாயங்களில் என் எழுத்துக்குக் குறை சொன்னீர்கள். ஒன்பதில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல வாதாடியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு எவர் தருவார்? ஐந்து பேரை இரண்டாக்கிவிட்டேன். பேனா பற்றிய பேச்சையும் சேஷு பேரிலேயே போட்டுவிட்டேன். சிரிப்பை உங்கள் பேரில் விட்டிருக்கிறேன், நீங்களே ஒப்புக்கொண்டபடி.

முந்தாநாள் கொட்டகையில் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மதராசி கேம்ப் குடிசையிலிருந்து வேலைக்கு வரும் பவுனு அப்பளக் குழவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்தாளு இன்னும் உசுரோட இருக்காரா?"

"இருக்காரு, மெட்ராசுல. அடுத்தவங்க எழுதுறதுக்குக் குறை கண்டுபிடிச்சுக் குடுக்குறாரு."

"அப்ப இதுக்கு என்னா குறை சொன்னாரு?"

"வடை இல்லியாம், பஜ்ஜியாம்."

கொட்டகை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

சிபாரிசு வேண்டாம். இங்கே தமிழ் எழுத்து வைத்திருக்கும் அச்சகக்காரர் பாலசுப்ரமணியத்திடம் பேசி முடித்துவிட்டேன். அப்பளம் போகிற கடைக்கெல்லாம் புத்தகமும் போகும். விற்பது எனக்குப் புதிதில்லை.

வயிற்றுக்கு வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடியுங்கள். காரத்தைக் குறையுங்கள். டெல்லிக்கு வர வேண்டாம். ஒன்பதாம் அத்தியாயத்தை இன்று காலை அச்சுக் கோக்கக் கொடுத்துவிட்டேன்.

சுந்தரவல்லி