நீலப் பாவாடைக்கு என் ஓட்டு

1977 பிப்ரவரி 17, வியாழன்

காலரை மறுபடியும் பிரித்துத் தைத்தேன். இப்போதுதான் மடங்காமல் நிற்கிறது. கருநீலக் கம்பளித் துணி, வெள்ளிப் பொத்தான், முட்டிக்குக் கீழே நான்கு விரல் இறக்கம். கண்ணாடி முன் பிடித்துப் பார்த்தேன். ராணி போடலாம்.

ஊர்க் கடல் மீட்புக் குழுவில் எங்கள் பெண்கள் பிரிவுக்கு இத்தனை வருஷமாக உடுப்பே கிடையாது. கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். இப்போது பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் ஒரே விதமான உடுப்புக்குத்தான். எது என்று நாங்களே முடிவு செய்ய வேண்டும். நான் தைக்கிற பாவாடையும் கோட்டும் ஒன்று. மற்றது ஆண்கள் மாட்டிக்கொள்கிற ஆரஞ்சு உடுப்பு, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு. கோணிப்பையில் கால் விட்டதுபோல.

குழுத் தலைவன் ஸ்டெய்ன்தோர் கூட்டுறவுக் கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "பாவாடைன்னா ஊர்வலமும் காப்பியும். ஆரஞ்சுன்னா, இஷ்டப்பட்டவங்க பேரு அழைப்புப் பட்டியல்ல ஏறும். கப்பல் பாறையில மோதினா கூப்பிடுவேன். அப்புறம் யாரும் அழக்கூடாது."

"நீ அழுததை நான் பார்த்திருக்கேன்டா, பல்லு பிடுங்கினப்போ" என்றேன். கடையே சிரித்தது.

பிப்ரவரி 20, ஞாயிறு

எங்கள் நாட்டு வழக்கப்படி இன்று பெண்கள் தினம். மகன் பெஸ்ஸி மீன்பிடிக் கப்பலிலிருந்து ரேடியோவில் வாழ்த்துச் சொன்னான். பாதி இரைச்சல்.

பேத்தி சுன்னேவா எனக்குப் பூ வாங்கி வந்தாள். அவன் மகள், ஏழு வயதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறாள். மீன் தொழிற்சாலையில் அவளைப்போல் கத்தி பிடிக்க ஆளில்லை. மேற்பார்வையாளனே சொன்னது இது. நான் சொன்னாலும் பொய்யாகாது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் உடுப்பை அவள்தான் போட்டுக்கொண்டு நடந்து காட்டப் போகிறாள். அந்த உயரத்துக்கும் அந்தத் தோளுக்கும் கோணிப்பைக் கட்சி வாயை மூடிக்கொள்ளும்.

"இடுப்புல இறுக்கமா இருக்கா?"

"இல்ல பாட்டி."

"அப்ப ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப அழகா இருக்கு."

அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாராவது ஜன்னல் பக்கம் பார்ப்பார்களா?

பிப்ரவரி 22, செவ்வாய்

உப்புக்கறியும் பட்டாணியும். நோன்புக் காலத்துக்கு முன் வயிறு வெடிக்கும்வரை தின்ன வேண்டிய நாள், தின்றோம். இன்றைக்கும் சுன்னேவா பாட்டுக் குழுப் பயிற்சி என்று பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். இலையுதிர் காலத்திலிருந்து செவ்வாய் தவறுவதில்லை. நல்ல குரல்.

பிப்ரவரி 24, வியாழன்

எழுத முடியவில்லை. நாளை.

பிப்ரவரி 25, வெள்ளி

சரி, வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று வியாழன், தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லாத நாள் என்பதால் ஊர்ப் பெண்கள் எல்லாருமே வந்திருந்தார்கள். எங்கள் பிரிவின் தலைவி இங்வெல்து மணி அடித்தாள். வழக்கம்போலக் கற்கண்டு ஓட்டு. காகிதத்தில் எழுதினால் யார் கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே ஆளுக்கு ஒரு பழுப்புக் கற்கண்டு, ஒரு வெள்ளைச் சர்க்கரைக் கட்டி. பழுப்பு என்றால் பாவாடை, வெள்ளை என்றால் ஆரஞ்சு. துணி மூடிய டப்பா சுற்றி வரும், ஒன்றை உள்ளே போட்டுவிட்டு மற்றதைப் பல்லில் கடித்துக் காப்பி குடிப்போம். எங்கள் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான்.

"இப்போ ஹால்பெரா தைச்ச உடுப்பு" என்றாள் இங்வெல்து. கதவு திறந்தது.

சுன்னேவா ஆரஞ்சு உடுப்பில் வந்தாள்.

இடுப்பில் கயிறு. காலில் அவள் அப்பாவின் பூட்ஸ். என் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. மேஜைமேல் அதை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"பாட்டி தைச்சதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நான் இலையுதிர் காலத்துலேருந்து ஸ்டெய்ன்தோர் குழுவோட பறவைப் பாறையில கயித்துல இறங்கிக்கிட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை தோறும். பட்டியல்ல பேரு இல்லாததால நிஜமா ஒரு கப்பல் மோதினா நான் கரையில நிக்கணும். அதான் ஆரஞ்சுக்கு ஓட்டுக் கேக்கறேன்."

பாட்டுக் குழுவாம்!

பறவைப் பாறை. கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் அதன் விளிம்பில் நின்று கீழே எட்டிப்பார்க்கக்கூட எனக்குத் தெம்பு கிடையாது. அங்கே இவள் கயிற்றில் தொங்கியிருக்கிறாள், நான் இங்கே அவளுக்காகக் கஞ்சியைச் சூடாக வைத்துக்கொண்டு... எதிரே எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருத்திக்கும் ஆச்சரியம் இல்லை. ஒருத்திக்கும்! எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் மெக்கின். நாற்பது வருஷ சிநேகிதி.

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்டி. உனக்குச் சொல்ல யாருக்குத் தைரியம்?"

அப்போதுதான் டப்பா என்னிடம் வந்தது. போட்டேன், அடுத்தவளிடம் தள்ளினேன், வாயில் இருந்ததைக் கடித்தேன். கடகடவென்று சத்தம். மெக்கின் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஹால்பெரா. நீ எதைடி தின்னுக்கிட்டிருக்கே?"

நாக்கில் கருகின சர்க்கரை ருசி. பழுப்புக் கற்கண்டு. என் பாவாடையை நானே கடித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளை பதினாலு. பழுப்பு பன்னிரண்டு.

பிப்ரவரி 25, அதே நாள், காப்பிக்குப் பிறகு

மெக்கின் வந்து போனாள். கணக்கு அவளே சொன்னாள். என் ஓட்டு சரியாக விழுந்திருந்தால் பதிமூன்றுக்குப் பதிமூன்று. சமமானால் தலைவி சொன்னதுதான் தீர்ப்பு, இங்வெல்து பாவாடைக் கட்சி. திங்கட்கிழமை சரக்குக் கப்பலில் தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு ஆர்டர் போகிறது. அதுவரை யாரும் ஆட்சேபம் சொல்லலாம்.

"போய்ச் சொல்லு. நான் சாட்சி. கடிச்ச சத்தம் மேடைவரைக்கும் கேட்டிருக்கும்."

"எல்லாம் தெரிஞ்சும் என்கிட்ட வாயைத் திறக்காதவ நீ. இப்ப எனக்குச் சாட்சி சொல்றியா?"

"அதுக்காகத்தான் சொல்றேன். மனசு உறுத்துது."

உறுத்தட்டும்.

ஆனால் சொல்லத்தான் போகிறேன். இந்த வீட்டிலிருந்து கடலுக்கு ஒருத்தன் போனது போதும். பெஸ்ஸியின் கப்பல் ரேடியோ ஒரு நாள் பேசாவிட்டால் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்குக் காத்திருக்க எனக்கு இரண்டு நெஞ்சா இருக்கிறது?

பிப்ரவரி 26, சனி

சுன்னேவாவிடம் சொல்லிவிட்டேன், ஓட்டு தவறி விழுந்ததையும், திங்களன்று ஆட்சேபம் சொல்லப் போவதையும். திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்காது. நான் ஒன்றும் பாட்டுக் குழுவுக்குப் போகிறவள் இல்லை. இதையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். மீன் செதில் ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ பாட்டி. அது தப்புதான். நீ போய்ச் சொல்லு, அது உன் ஓட்டு."

"அப்ப விட்டுடுவியா?"

"எதை?"

"பாறையை."

"இல்ல. கப்பல் மோதினா பாறையில இறங்கத்தான் போறேன். பட்டியல்ல பேரு இல்லாட்டியும் போவேன், பின்னாடியே நடந்து போவேன். நீ தைச்ச பாவாடையோட போவேன். என்ன, காத்து அடிச்சா அது என் தலைமேல வந்து மூடிக்கும், என்னால கயித்தைப் பாக்க முடியாது. அவ்வளவுதான்."

விளையாட்டாகச் சொன்னாளா? முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் இவளை வீட்டில் உட்கார வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எதைப் போட்டுக்கொண்டு தொங்குவாள் என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் நான் எதைத் தைத்தேன்?

பிப்ரவரி 27, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. பனி.

பிப்ரவரி 28, திங்கள்

இங்வெல்து துறையில் கப்பல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மெக்கின் வாய் சும்மா இருந்திருக்காது.

"வா ஹால்பெரா! ஏதோ சொல்லணுமாமே? தைரியமாச் சொல்லு. ஐந்தாம் வகுப்போட நின்னவளுக்குச் சட்டமெல்லாம் தெரியாதுன்னு பயப்படாதே, நான் எழுதிக்கறேன்."

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சுன்னேவாவுக்குக் கால் நீளம். கடையில வர்ற அளவு பத்தாது. பூட்ஸுக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், தண்ணி உள்ள போகும். நீளமானதா ஒண்ணு தனியா எழுது."

இங்வெல்து அப்படியே நின்றாள். நானும்தான். வேறு யாரோ என் குரலில் பேசினதுபோல இருந்தது.

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான். சட்டம் தெரியாதவளுக்கு அளவு தெரியும்."

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கோட்டுகூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்தேன்? நிஜமாகவே நான்தானா?

மார்ச் 19, சனி

ஆரஞ்சு மூட்டைகள் வந்துவிட்டன. நீளம் சரியாக இருக்கிறது. தையல் மட்டம். கக்கத்தில் இழுத்தால் கையோடு வரும். பிரித்து இரட்டைத் தையல் போட்டேன். மெக்கின் தன்னுடையதையும் கொண்டுவந்து போட்டாள்: "என் பின்பக்கத்தையும் கொஞ்சம் பெரிசாக்குடி. இதைப் பண்ணினவனுக்குப் பெண்டாட்டியே இல்லபோல." மூன்று வாரத்துக்குப் பிறகு அவளோடு சிரித்தேன்.

சுன்னேவாவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 6, புதன்

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேதான் எழுதியாக வேண்டும்.

ஈஸ்டர் பனிப்புயல், வருஷா வருஷம் வருவதுதான். சுன்னேவா காலை வேலை முடிந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் தொலைபேசி நீளமாக அடித்தது, விடாமல் அடிக்கும் அபாய மணி. எடுத்தேன்.

"ஹால்பெரா, ஸ்டெய்ன்தோர் பேசறேன். ஃபாரோ தீவுப் படகு ஒண்ணு பறவைப் பாறைக்குக் கீழ மாட்டியிருக்கு. சுன்னேவாவை அனுப்பு. கீழ இறங்க அவதான் எடை குறைவு."

"அவ வீட்ல இல்ல" என்றேன்.

சட்டென்று, தடங்கலில்லாமல் வந்தது. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதுபோல. அவன் "சரி" என்று வைத்துவிட்டான்.

தொலைபேசி கையிலேயே இருந்தது. மேலே அவள் புரண்டு படுத்த சத்தம் பலகையில் கேட்டது. அங்கே கீழே எத்தனை பேரோ! அவர்களுக்கும் ஃபாரோவில் ஒரு சமையலறை இருக்கும், அதில் ஒருத்தி ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெஸ்ஸி அங்கே மாட்டியிருந்து, வேறொரு கிழவி இப்படி ஒரு பொய்யைச் சொன்னால்? கடவுளே, நான் என்ன பெண்பிள்ளை!

மாடிப்படி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. போர்வையை இழுத்தேன்.

"எழுந்திருடி. பாறைக்குக் கீழ படகு. அவன் கூப்பிட்டான், நீ வீட்ல இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். ஓடு."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். உடுப்பில் கால் விட்டாள், கழுத்துவரை பொத்தானை நான்தான் போட்டேன். கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. போய்விட்டாள்.

இன்னும் வரவில்லை. பெண்கள் பிரிவு பாறைக்குக் காப்பி கொண்டுபோகிறது, மெக்கின் வண்டியோடு வாசலில் நிற்கிறாள். நானும் போகிறேன்.

ஏப்ரல் 7, பெரிய வியாழன்

ஆறு பேர். ஆறு பேரையும் ஏற்றியாயிற்று. விளிம்பில் என் கண்ணால் பார்த்தேன், வெள்ளைப் புயலுக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுப் புள்ளி, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தாடிக்காரன். கால் தரையில் பட்டதும் அவன் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதான், நான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. என் கையிலிருந்த காப்பி முழுக்க அவன் முதுகில்.

ஸ்டெய்ன்தோர் பக்கத்தில் வந்து நின்றான். "வீட்ல இல்லாதவ நல்லா இறங்கறா" என்றான். என் பொய்யை அதோடு விட்டுவிட்டான். அவனுக்கு என் உயிர் உள்ளவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

சுன்னேவா பதினாறு மணி நேரம் தூங்கினாள். இரண்டு முறை மேலே போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

மே 14, சனி

நேற்று மறுபடி அபாய மணி. பக்கத்து வளைகுடாவில் படகொன்று இயந்திரம் நின்று மிதந்ததாம், பெரிய ஆபத்தில்லை, சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிட்டாள்.

ஸ்டெய்ன்தோர் கோபித்துக்கொள்கிறான், எங்கள் வீட்டில் மட்டும் தொலைபேசியை எடுக்க இவ்வளவு நேரமாகிறதே என்று. ஆகத்தான் செய்யும். நீளமாக அடித்தால் நான் முதலில் மாடிக்குப் போய் அவளை எழுப்புகிறேன். இறங்கி வந்த பிறகுதான் எடுக்கிறேன்.