அண்ணனுக்கு ஒன்று கூடுதல்

ஜூன் 4
மன்னிக்க வேண்டும் - யாரிடம் கேட்கிறேன் என்றே தெரியவில்லை. எழுதுமளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் டிரெட்மில்லின் பொத்தானை அழுத்துகிறேன், மற்றவர்கள் நடக்கிறார்கள். நான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. எல்லோரும் பார்ப்பார்களே. வீட்டின் முதல் பட்டதாரி பார்க்கிற வேலை இதுதான் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள, அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்த, இளைஞர்கள் உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுகிறதா என்று பார்க்கும் ஆய்வு. அண்ணனும் சேர்ந்திருக்கிறான். உடம்புக்குள் துரு ஏறாமல் காப்பது அது என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"துருவா? எம்புள்ள என்ன தகர டப்பாவா?"

ஜூன் 6
குலுக்கலில் அண்ணன் பயிற்சி இல்லாத குழுவில் விழுந்துவிட்டான். ஒப்பிட்டுப் பார்க்க அப்படியும் சிலர் வேண்டும்.

"அப்ப நான் சும்மா உக்காரணுமா?"

"எப்பவும் போல இருண்ணா. அதுவும் முக்கியமான வேலைதான்."

"அப்ப நீ செய். உனக்குத்தான் பழக்கம்."

ஜூன் 27
மாடிப்படியில் தடதடவென்று சத்தம் என மேல்வீட்டுக்காரர் புகார். எலியாக இருக்கும் என்றாள் அம்மா. செருப்புப் போட்ட எலி. நானும் எலி என்றே நினைக்கிறேன். பட்டம் வாங்கியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 30
மறுபடியும் இரத்தம் எடுத்ததன் முடிவு வந்தது. அண்ணன் குழுவில் மற்றவர்களுக்குப் பழைய அளவே. அவனுக்கு மட்டும் ஏறியிருக்கிறது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தம்பி, வீட்ல ஏதாவது பண்றீங்களா?"

"படி ஏறி இறங்குறேன் சார். தங்கச்சி பாக்காதப்ப."

"சும்மா இருக்கச் சொன்னோமே!"

"எனக்குக் குரோமோசோமே ஒண்ணு கூடுதல் சார். பயிற்சியை மட்டும் எப்படிக் கம்மியா குடுப்பீங்க?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பயிற்சி செய்தவரை இந்தக் குழுவில் வைக்க முடியாது, ஒருவரை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது என்று அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் அண்ணன் கேட்டான்: "என்னை அவுட் ஆக்கிட்டாங்களா?"

அண்ணனும் மெஷின்ல ஏறட்டுமான்னு நான் அங்கயே சார்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல? தொண்டை வரைக்கும் வந்துச்சே. இந்த வாய் எதுக்கு இருக்கு - சாப்பிட மட்டுமா?

ஆகஸ்ட் 31
கேட்கவில்லை.

செப்டம்பர் 2
கேட்டேன். மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் மெஷின் சும்மாதானே சார் நிக்குது... அண்ணன் ஏறட்டுமா?"

"இதுக்கா காலையிலேர்ந்து கதவைத் திறந்து திறந்து மூடுனீங்க? கூட்டிட்டு வாங்கம்மா."

செப்டம்பர் 9
அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். தண்ணீர் பாட்டிலோடு நின்ற அம்மாவுக்குக் கவலை: "இவ்வளவு நடந்தும் அங்கயேதான் நிக்கிறான்." பேராசிரியர், துப்புரவு அக்கா, காவலாளி - எல்லோரும் பார்த்தார்கள். அண்ணன் அவர்களுக்குக் கையசைத்தான். பார்த்தால் ஒன்றும் ஆகிவிடாது போல.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்குள்ளேயே இருந்ததையும் இன்று கேட்டுவிட்டேன்.

"அண்ணா, போதும், இறங்கு. நானும் கொஞ்சம் நடக்கிறேன். பொத்தானை நீ அழுத்துறியா?"