நள்ளிரவில் ஒரு சிவப்புக் கோடு

அக்டோபர் 13, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மில்லுக்குக் கடிதம். வியாழன் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகை. மெஷின் ஓட்டும் ஆரோக்கியத்தின் கை விஷயம். போன செவ்வாய் மாலை நாலு மணிக்கு உள்ளே வந்தவன், புதன் காலை ஏழுக்கு மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்தான். ரிஜிஸ்டரில் நான் எழுதியது: செவ்வாய் எட்டு மணி நேரம், புதன் ஏழு. நடுவில் ராத்திரி பன்னிரண்டுக்குச் சிவப்புக் கோடு. வேலை நேரக் கணக்கு எழுதும் எங்கள் டைம் ஆபீஸ் வழக்கம் அது. தேதி மாறினால் நாள் மாறியாச்சு.

மேனேஜர்: "நாளுக்கு ஒம்பது மணி நேரந்தான் சட்டம். ரெண்டு நாளுமே அதுக்குள்ளதான இருக்கு, பயப்படாதீங்க." சொல்லிவிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அக். 14, செவ்வாய்
மேல்வீட்டு வக்கீலிடம் சட்டப் புத்தகம் இரவல். நாள் என்றால் நள்ளிரவிலிருந்து இருபத்துநாலு மணி நேரம். அப்பாடா.

நாலு பக்கம் தள்ளி இன்னொரு பிரிவு. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்டுக்குத் தனி விதி. பன்னிரண்டுக்கு மேல் பார்த்த வேலையும் முந்தின நாளோடுதான் சேரும். நாலு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது. எட்டும் ஏழும் பதினைந்து. ஒரே நாளில்.

பி.பி. மாத்திரை. மனைவி கலாவின் தீபாவளிப் புடவையைக் கடையில் மாற்ற வேண்டும். குடை, மறந்தாச்சு.

அக். 15, புதன்
மேனேஜர் ஒரு காகிதம் நீட்டினார். ஆரோக்கியம் பன்னிரண்டுக்கு வெளியே போய், ஓய்வெடுத்துத் திரும்பி வந்தானாம். தூங்கி வழிந்ததால் அடிபட்டதாம். கையெழுத்து நான் போட வேண்டுமாம்.

"கோடு போட்டது நீங்க. மாட்டுனா நீங்கதான் மாட்டுவீங்க."

சாயங்காலம் ஆஸ்பத்திரி. காகித விஷயம் ஆரோக்கியத்துக்கும் தெரிந்திருந்தது. கோபப்படவே இல்லை, அதுதான் தாங்கவில்லை. தப்பு அவன் மேல் என்று ஆகிவிட்டால் மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டார்களோ என்று அவனுக்குப் பயம். "அண்ணே, நான் வெளிய போகலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?" தலையாட்டினேன். வாங்கிப்போன சாத்துக்குடியைக் கொடுக்காமலே வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

அக். 16, வியாழன்
மழை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. காகிதம் சட்டைப் பையில், கையெழுத்தில்லாமல்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். புத்தகம் எதையும் பிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி. "அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆரோக்கியம் எங்க இருந்தார்?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்லதான் மேடம். வெளிய போகல."

எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்து போட்டேன். வேறு யாருடையதோ போல் விழுந்தது. முடிந்தது என்று எழுந்தவனை உட்காரச் சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"இந்தக் கோடு மத்த பக்கத்துலயும் இருக்கே. பழைய ரிஜிஸ்டரெல்லாம் எடுங்க. எழுதுனது யாரு?"

பீரோவைத் திறந்தேன். பதினோரு வருடம். ஒரு பக்கம்கூட அடுத்தவர் எழுத்தில்லை.

"நான்தான் மேடம்."