வலித்தது தொடையிடுக்கு, காட்டியது முழங்கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். உங்கப்பா சுகமா இல்லையான்னு ஸ்கேன் மிஷினுக்கே தெரியாதபடி பண்ணிட்டார், அந்தக் கூத்தைத்தான் எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடறீங்கதானே?

மூணு வாரம் முன்னாடி பஸ் டிப்போவில டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் கால்பந்து. டிரைவர் பக்கம் ஆடப் போன உங்கப்பா, அம்பத்தாறு வயசுல சும்மா உட்கார்ந்து கை தட்டக் கூடாதா, பந்தை எட்டி உதைக்கறேன்னு காலை விரிச்சு விழுந்து, வலது தொடையிடுக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். எங்க வலிக்குதுன்னு கேட்டதும் இவர் முழங்காலைக் காட்டியிருக்கார்! நான் சீட்டு வாங்கற வரிசையில நின்னுட்டேன், இல்லாட்டி விட்டிருப்பேனா. அவங்களும் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்து ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. வேற இடத்துல தேடினா எப்படிடி கிடைக்கும்?

வீட்டுலயோ சாக்ஸ் போட முடியலை, படியேறினா பல்லைக் கடிக்கறார். பத்து நாள் கழிச்சு நானே இழுத்துட்டுப் போய், வெட்கத்தை மூட்டை கட்டி வெச்சுட்டு இடத்தைச் சொன்னேன். ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் பார்த்தாங்க, ரெண்டு முழங்காலையும் சேர்த்து அழுத்தச் சொன்னதும் தசை கிழிஞ்ச இடம் விரியறது திரையில எனக்கே தெரிஞ்சுது. திரும்பவும் எம்.ஆர்.ஐ., எலும்போட ஒட்டற இடத்துல பாதிக்கு மேல அறுந்திருக்காம். ஆக்சிலரேட்டர்லேருந்து பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோறதே அந்தத் தசைதான், எட்டு வாரம் பஸ்ஸைத் தொடாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

மனுஷர் என்ன பண்ணார் தெரியுமா? பழைய முழங்கால் ரிப்போர்ட்டை டிப்போவில நீட்டி டூட்டி வாங்கிட்டார்! அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறற காலை பஸ். கேட்டா, ரிப்போர்ட்ல பொய் ஒண்ணும் இல்லையேங்கறார். தலையில அடிச்சுக்கிட்டேன். சனிக்கிழமை நானே போய் மேனேஜர் மேசையில சரியான ரிப்போர்ட்டை வெச்சேன், டூட்டியை நிறுத்திட்டாங்க. எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டேன்னு நாலு நாளா என்கூடப் பேச்சில்லை. முப்பது வருஷம் யார் மேலயும் உரசாம ஓட்டினவர், அதை நினைச்சா எனக்கும் அழுகை வருது. ஆனா பயந்துட்டேன்டி.

இன்னிக்குக் காலையில வேற டிரைவர் ஓட்டிட்டு வந்த அந்த பஸ் நம்ம தெருமுனையில சடக்குன்னு பிரேக் போட்டுச்சு, யாரோ ஒரு பிள்ளை குறுக்கே ஓடிட்டான். ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்த உங்கப்பாவோட வலது கால் தானா இடப்பக்கம் நகர்ந்து தரையை அழுத்திச்சு. ஐயோன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, நல்லவேளை, நான் ஓட்டலைன்னு சொன்னார்.

ஞாயித்துக்கிழமை அவருக்குப் போன் பண்ணு, சிரிச்சுத் தொலைக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும்.

உன் அம்மா