அடைத்த துளைகள்

ஐப்பசி 14, வியாழன்

போன மாதம் நான் ஜன்னல் மாட்டிக் கொடுத்த கேரவன் வேன் இன்று பட்டறைக்குத் திரும்பி வந்தது. கட்டிலோரப் பலகை ஊறி உப்பியிருந்தது. ஜன்னல்மேல் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஜன்னல் சட்டத்தின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்றே இருக்கும் இரண்டு துளைகளையும், ஒழுகுமென்று பயந்து சிலிக்கான் பசை வைத்து அடைத்திருக்கிறேன். தேங்கிய தண்ணீர் உள்பக்கம் வழிந்திருக்கிறது.

வேன்கார அக்காவிடம், "மழைத்தண்ணி மெத்தையில இறங்கியிருக்குக்கா" என்றேன். அவர் வேனுக்குள் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவரு நனைக்கலையா? இம்புட்டு நாளா வஞ்சுப்புட்டேனே தம்பி."

வாதத்தில் பேச்சிழந்து உள்ளே படுக்கையில் கிடக்கும் கணவரைத்தான் சொன்னார்; மெத்தை ஈரமானதற்கெல்லாம் அவரையே திட்டியிருக்கிறார். "நல்லவேளை, நீயாச்சும் கண்டுபிடிச்ச" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. வேனுக்குள் அந்த மனிதர் என்னையே பார்த்தபடி படுத்திருந்தார்.