கற்பூரத் தட்டும் என் வார்டு ஓட்டும்

எனக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் என் பிரியத்துக்குரிய நங்கையா,

நாளைக்கு நம்ம ஊரில் ஓட்டு. நான் மறுபடியும் வார்டு மெம்பருக்கு நிற்கிறேன். போன தடவை தோற்றது போதாதா என்று நீங்கள் அங்கிருந்து சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குப் போட்டீர்களா, இல்லையா?

நீங்கள் என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்கா. எதிரில் நின்றதோ உங்கள் வீட்டுக்கார அண்ணனின் சொந்தத்தில் ஒரு பெண். அவளுக்குத்தான் போடுவேன் என்று, அண்ணன் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி உங்கள் கையால் அடித்து அணைக்க வைத்தார். அப்போது உங்கள் முகம் இருந்த இருப்பை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

தோற்ற பிறகு நான் விட்டேனா? என் சின்னம் சீப்பு, அவள் சின்னம் பூட்டு. நான் கேட்கும்போதெல்லாம் நீங்கள் சாவகாசமாகத் தலை சீவுவீர்கள். சீவி முடித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு எருமையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். இதில் எதை நான் பதில் என்று எடுத்துக்கொள்வது?

ஓட்டுப் போட மட்டும் பட்டுச்சேலை கட்டுவீர்கள். "ஏனுங் நங்கையா, பொண்ணு பாக்க வாராங்களா?" என்று வரிசையில் நின்று கிண்டல் செய்தேன். "அட போ புள்ள. உங்கண்ணன் கூட வரக்கூடாதுன்னு கவருமெண்டே சொல்லி வெச்சிருக்கற எடம் அந்த அட்டை மறைப்புக்குப் பொறவு மட்டுந்தான். அதுக்குக் கட்டாம வேறெதுக்குக் கட்டறது?" என்றீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, நீங்கள் பார்க்காத மருமகள் ஒருத்தி எனக்கு வந்திருக்கிறாள், கவிதா. காலேஜ் படித்தவள். அவள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்ததாம். ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும். அப்படியென்றால் நமக்கு இல்லை. உங்களுடையது என்று இருந்தது அந்த எருமை ஒன்றுதான், அதற்கு யார் வரி வாங்கினார்கள்? சுதந்திரம் வந்து எல்லாருக்கும் ஓட்டு என்றான பிறகும், எத்தனையோ பெண்கள் தங்கள் பேரைச் சொல்லாமல் 'இன்னார் சம்சாரம்' என்று மட்டும் சொன்னதால் ஓட்டர் லிஸ்டில் பேரே சேராமல் போயிற்றாம். அப்போதெல்லாம் நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டியாம். பேர் சொல்லி உள்ளே போனவர்கள் மறைப்புக்குப் பின்னால் என்ன நினைத்திருப்பார்கள்? வீட்டில் சொல்லி அனுப்பிய பெட்டியில்தான் போட்டிருப்பார்களா?

நேற்று சாயங்காலம் உங்கள் தம்பியும் ஒரு தட்டோடு வந்து நின்றார். "ஊடு ஊடாப் போயிப் பொம்பளைங்ககிட்டச் சத்தியம் வாங்கிரலாம். மொதல்ல நம்மூட்டுப் புள்ள அடிக்கட்டும்" என்றார்.

இந்தத் தடவை எதிரில் நிற்பவள் கவிதாவோடு ஒன்றாகப் படித்த தோழி. கவிதா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நங்கையா, அது அப்படியே உங்கள் முகம்.

"ஏனுங்க, அதைக் கொண்டுபோயி முருகனுக்குக் காட்டுங்க. அவருக்கு இந்த வார்டுல ஓட்டு இல்லீங்க" என்றேன்.

"தோத்துப் போயிருவ, பாத்துக்க!"

"பழகுனதுதானுங்களே!"

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா, அழுதாளா, அதுவும் தெரியவில்லை.

எனக்கு வாய்தான் சவடால். ஜெயிக்க ஆசை இல்லாமலா நிற்கிறேன்? நம் தெருக் குழாயில் தண்ணீர் வர வைத்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இந்நேரம் விரல்விட்டு ஓட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாளைக்குக் கவிதா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள். என் நாக்கு எப்படி அரிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். அவளிடம் கேட்க மாட்டேன். தோற்றாலும் கேட்க மாட்டேன். அவளாகச் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வேன். உங்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள்தான் எப்படியும் சொல்லப் போவதில்லையே.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
சரசு